எர்ஸாட்ஸ் என்றொரு சேலத்துக்காரி

போன ஞாயிற்றுக்கிழமை பூனாவில் வாகட் பக்கம் ஒரு காபிக் கடைக்குப் போயிருந்தோம். என் மகனோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர் இளைஞன் ஒருவனும் உடன் வந்திருந்தான். ஓட்ஸ் பால் ஊற்றிய காபியை ஒரு வாய் குடித்தான், மூக்கைச் சுருக்கினான், கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"இப்பல்லாம் எல்லாமே எர்ஸாட்ஸ் ஆன்ட்டி. ஒண்ணும் அசல் இல்ல."

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "அந்த வார்த்தைய அப்படி மூக்கச் சுருக்கிச் சொல்லாத தம்பி!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, உக்காரும்மா" என்று மகன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். உட்கார்ந்தேன். நான் கத்தியது கோபத்தினால் அல்ல, அத்தனை சந்தோஷம்! எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அந்தச் சொல் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததும், பூனாவின் நிக்டிப் பகுதியில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த சேலத்துக்காரி கையில் கரண்டியோடு கண்முன்னே வந்து நின்றுவிட்டாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. கணவர் ஓய்வு பெற்றதும் இருவரும் சேலத்துக்கே திரும்பிவிட்டார்கள். அங்கே யாராவது இதைப் படித்து அவளிடம் காட்டினால், "எம்பேரு எதுக்குங்க? விசயம் சரியா இருக்குதா?" என்றுதான் கேட்பாள். விஷயம் சரியாக இருக்க வேண்டும் என்பதால் நினைவில் உள்ளபடியே எழுதுகிறேன்.

நாங்கள் நிக்டிக்குக் குடிபோன அன்று சாமான்கள் இன்னும் வாசலிலேயே கிடந்தன. அவள் இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள்.

"வாங்கக்கா. காபி குடிங்க. சொல்லிடறேன், இது பவுடர் பாலு. இன்னிக்கு தூத்வாலா வரல."

நான் இன்னும் டம்ளரை வாயருகே கொண்டுபோகவில்லை. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றிருந்தது. பேச்சுக்காக, "உங்க பொண்ணா? அப்படியே உங்க ஜாடை" என்றேன். அந்த இடத்தில் எந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

"ஜாடை இருக்க ஞாயமில்லைங்க. நான் ரெண்டாவதா வந்தவ. இவளப் பெத்தவ தவறிட்டாங்க. போட்டோ வெச்சிருக்கோம், வாங்க, காட்டறேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். நிவேதா என்ற அந்தக் குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் முழுக்க முழுக்க அப்படித்தான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தால், வைத்த கையோடு அதைச் சொல்லிவிட வேண்டும். சாம்பார் கொண்டுவந்தால், "புளி தீந்துபோச்சு, கோகம் போட்டிருக்கேன்" என்பாள். நாம் ருசி பார்த்த பிறகு சொல்வது அவள் கணக்கில் ஏமாற்று வேலை. கொலுவில் ஒருமுறை கை உடைந்த சரஸ்வதிக்குப் பதில் லட்சுமி பொம்மையின் மடியில் வீணையைச் சாத்தி வைத்தாள். வந்தவர்களுக்கெல்லாம் குங்குமம் கொடுப்பதற்கு முன்பே, "இது லட்சுமி. சரஸ்வதிக்குப் பதிலா உக்காந்திருக்காங்க" என்று அறிமுகம் செய்துவைத்தாள். "சாமியவாவது விடேன்" என்றேன். "அதுக்கும் தெரியணுமில்லக்கா" என்றாள்.

அவள் வேலை பார்த்த கம்பெனியிலேயே பிறகு எனக்கும் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. ஜெர்மன்காரர்களின் கம்பெனி, தகடு அழுத்தும் பெரிய பெரிய மெஷின்கள். அவள் உதிரிபாகப் பிரிவுக்குத் தலைவி. முதல் நாள் அவளுடைய கிடங்கில் நுழைந்தபோது, கூரை வரை அடுக்கிய மரப்பெட்டிகள் எல்லாவற்றின்மேலும் ஒரே சொல் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது.

"படிங்க பாக்கலாம். எர்ஸாட்ஸ்டைலே! எர்ஸாட்ஸ்னா மாத்து. டைலேன்னா பாகங்க. தேஞ்சது போனா அந்த எடத்துல வெக்கறது. என்ன அழகான வார்த்தை பாருங்க!"

ஒரு சொல்லைக் காட்டி ஒருத்தி இவ்வளவு குதூகலப்படுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டினாள், ஏதோ சொந்தக்காரர் வீட்டுப் பெயர்ப்பலகை போல.

ஜெர்மனியிலிருந்து சாமான் வரத் தாமதமானால், பக்கத்தில் போசரியில் இருந்த ஒரு பட்டறையில் சொல்லி இங்கேயே ஒன்றைச் செய்து வாங்குவாள். அப்படிச் செய்த ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டுவாள், 'மாற்று' என்று. விற்பனைக்காரர்களுக்கு அந்த அட்டை ஆகவே ஆகாது. "மேடம், பாகம் நல்லாத்தானே இருக்கு, அட்டையை எடுத்துடுங்களேன்" என்று ஒருவர் கெஞ்சினார். "நல்லா இருக்கறதுக்கு என்னத்துக்கு வேசம்?" என்று அவர் கையிலேயே அட்டையையும் நூலையும் கொடுத்துக் கட்டச் சொன்னாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

ஒரு தடவை ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். நெடுநெடுவென்று உயரம், சிரித்த முகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை மடக்கி உட்காரவைத்து, ஃபிளாஸ்கிலிருந்து ஃபில்டர் காபியை ஊற்றிக் கொடுத்தாள். வழக்கம்போல, "இதில் சிக்கரி கலந்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் முன்கூட்டியே அறிவித்தாள்.

அவர் டம்ளரைப் பாதியில் நிறுத்தினார். "சிக்கரியா? வேண்டுமென்றே கலக்கிறீர்களா?"

"காசு குடுத்துக் கலக்கறோம் சார்! அது இல்லன்னா எங்க ஊர்ல காபியே இறங்காது!"

அவர் சிரித்த சிரிப்பில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பிறகு சொன்னார். முதல் உலகப் போரில் கடல் வழியை எதிரிகள் அடைத்துவிட்டார்களாம். காபிக்கொட்டை வரவில்லை. சிக்கரி வேரையும் பார்லியையும் ஓக் மரக் கொட்டையையும் வறுத்துப் பொடித்துக் குடித்தார்கள். ரொட்டி மாவில் உருளைக்கிழங்கைச் சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் எர்ஸாட்ஸ் என்று ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த போரிலும் அதே கதை. அவர் வீட்டுப் பெரியவர்களுக்கு சிக்கரி வாசனை என்றால் பசியின் வாசனையாம்.

"அப்ப அந்த வார்த்தையே போர்ல பொறந்ததா?" என்று கேட்டாள். அவள் முகம் வாடிவிட்டது.

"இல்லை, இல்லை" என்றார் அவர். வைப்பது என்பதற்கு அவர்கள் மொழியில் ஸெட்ஸன் என்று ஒரு வினை இருக்கிறது. அதிலிருந்து எர்ஸெட்ஸன், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பது. அதிலிருந்து எர்ஸாட்ஸ். காரின் பின்னால் இருக்கும் உபரிச் சக்கரமும் அதுதான், ஆட்டத்தில் பதிலுக்கு இறங்கும் வீரரும் அதுதான், முன்வரிசை விழுந்தால் அந்த இடத்துக்குப் போகும் படையும் அதுதான். ஜெர்மனியில் அதைச் சொல்ல யாரும் மூக்கைச் சுருக்குவதில்லை. ஆங்கிலேயர்கள்தான் போர்க்காலத்தில் அந்தக் காபியோடு சேர்த்துச் சொல்லையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே போனதும் அதற்கு மட்டம், போலி என்று பொருள் ஏறிவிட்டது.

அவள் மேசையில் ஓங்கித் தட்டினாள். "பாத்தீங்களாக்கா! சோத்துக்கில்லாத காலத்துலகூட மாத்துன்னு சொல்லித்தான் வித்திருக்காங்க! எர்ஸாட்ஸ் காபி! எவ்வளவு நேர்மை!"

விற்றவர்கள் சொன்னார்களோ, குடித்தவர்கள் சொன்னார்களோ என்று அவர் மெல்ல இழுத்தார். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. அவருக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அவரும் குடித்தார்.

அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கள் அடுக்ககத்துக்கும் வந்துவிட்டது. ஆஷாடி ஏகாதசியன்று கீழ்வீட்டு மராத்தி அம்மாள் ஜோஷி காகு எல்லா வீட்டுப் பெண்களையும் ஜவ்வரிசிக் கிச்சடிக்குக் கூப்பிட்டிருந்தார். உபவாசத்துக்கென்று வேர்க்கடலைப் பொடி தூவி, நெய்யில் புரட்டிய கிச்சடி. எல்லார் கையிலும் தட்டு. இவள் தன் தட்டைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. "வேண்டாம், விடு" என்று முழங்கையால் இடித்தேன்.

"காகு, ஒண்ணு சொல்லணும். இந்த சாபுதானா அசல் இல்ல."

"அக பாயி! கலப்படமா?" என்று காகு நெஞ்சில் கை வைத்தார்.

"கலப்படம் இல்ல, எர்ஸாட்ஸ்! அசல் ஜவ்வரிசி மலேயாவுல ஒரு பனை மாதிரி மரத்துல இருந்து வந்ததாம். சண்டைல கப்பல் நின்னுபோச்சு. அப்ப எங்க ஊர்ல மரவள்ளிக்கிழங்குல செஞ்சு பாத்தாங்க. எங்கப்பா சேகோ ஃபேக்டரிலதான் வேலை செஞ்சாரு. நீங்க விரதம் இருக்கறது எங்க சேலத்துக் கிழங்குல!" அரை இந்தி, கால் மராத்தி, மீதி கையசைப்பு. சொல்லிவிட்டு ஆவலாகக் காகுவின் முகத்தையே பார்த்தாள்.

காகு ஒரு கணம் யோசித்தார். "கிழங்குதானே? கிழங்கு உபவாசத்துக்கு ஆகும். இன்னும் போட்டுக்கோ" என்று அவள் தட்டில் ஒரு கரண்டி வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். காகு மட்டும் சிரிப்போடு சிரிப்பாக ஒன்று கேட்டார். "யாரும் கேக்காததை எல்லாம் ஏன் மகளே சொல்லிக்கிட்டே இருக்கே?"

அதே கேள்வி வேறொரு வாயிலிருந்து முன்பே என் காதில் விழுந்திருந்தது. நிவேதாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். பள்ளிவிட்டு வந்ததும் தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டு சோபாவில் பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, சித்தி ஏன் சப்கோ, எல்லார்கிட்டயும், பெத்தவ இல்லன்னு சொல்றாங்க? என் கிளாஸ் டீச்சர்கிட்டயும் சொல்லிட்டாங்க. டீச்சர் என்னை பாவம்னு பாத்தாங்க. கிசினே பூச்சா பி நஹீ, யாருமே கேக்கல."

அம்மா என்று கூப்பிட அந்தப் பெண்ணுக்கு ஆசை. கூப்பிட விட்டதில்லை இவள். "அம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்க கண்ணு. அந்தப் பேரு அவங்களுது" என்று முதல் வாரமே சொல்லி வைத்திருந்தாள். ஒருமுறை குழந்தைக்குக் கடும் காய்ச்சல். நான் ஈரத்துணியோடு பக்கத்தில் இருந்தேன். பிதற்றலில் "அம்மா, அம்மா" என்றது. இவள் அதன் நெற்றியில் கையை வைத்தாள். "சித்தி இங்கதான் இருக்கேன் சாமி" என்றாள். இரண்டு நாள் அந்த இடத்தை விட்டு நகராதவள், அப்போதும் அந்த ஒரு சொல்லைத் திருத்தினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறையில் வைத்துக் கேட்டேன், குழந்தை மனசு என்ன பாடுபடும் என்று. பீர்க்கங்காயைச் சீவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நான் சொல்லாம இருந்துட்டா, செத்துப்போனவ எடத்தத் திருடிக்கிட்ட மாதிரி ஆயிடுங்க்கா. அவளுக்குப் பேச வாயில்ல. நான்தான பேசணும்."

பீர்க்கங்காயை நான் வாங்கிச் சீவினேன்.

நிவேதா வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள். சென்னைக்காரப் பையனைத் தானே பார்த்து வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று, சம்பந்தி அம்மாள் செருப்பைக் கழற்றுவதற்குள் இவள், "நான் பெத்தவ இல்லைங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். "பையன் எல்லாம் சொல்லியிருக்கான், உள்ள வரலாமா?" என்றார் அந்த அம்மாள். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

கல்யாணம் நிக்டியிலேயே ஒரு மண்டபத்தில். முந்தின நாள் மாலை நாங்கள் இருவரும் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தோம்.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். சத்தம் போடாதீங்க. நாளைக்குத் தாரை வாக்க நிவேதாவோட பெரியம்மாவும் பெரியப்பாவும் உக்காருவாங்க."

என் கையிலிருந்த தேங்காய் உருண்டு போனது. "நீயும் உன் வீட்டுக்காரரும் எங்க போறீங்க?"

"பெரியம்மா பெத்தவளோட கூடப்பொறந்தவங்க. ஈரோட்டுல இருந்து வந்திருக்காங்க. அந்த ரத்தம். நான் தண்ணி ஊத்தினா, தெரியாதவங்க நாலு பேரு என்னையே பெத்தவன்னு நெனச்சுக்குவாங்க."

"அப்ப மைக்ல சொல்லிட்டு உக்காரு!" என்றேன் எரிச்சலில்.

"அதையும் யோசிச்சேங்க்கா. ஐயரு விட மாட்டாராம்."

உண்மையாகவே போய்க் கேட்டிருக்கிறாள்!

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"மணைல உக்காந்தாத் தெரியும். அங்க ஒண்ணும் பேச மாட்டா."

கதவோரம் நின்றிருந்த அவள் கணவரைப் பார்த்தேன். பெற்ற மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் இடத்தை அவரும் அல்லவா இழக்கிறார்! "தனியா உக்காரக் கூடாதாமே. நான் சொன்னா கேக்கறவளாங்க?" என்றார்.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள், அடுக்ககத்துக்காரர்கள், சேலம், ஈரோடு, சென்னை. ஜோஷி காகு மூக்குத்தி மின்ன முன்வரிசையில் இருந்தார். "தாரை வாக்கறவா வாங்கோ" என்று ஐயர் மைக்கில் கூப்பிட்டார். பெரியம்மா பச்சைப் பட்டில் விறைப்பாக வந்தார், பின்னால் பெரியப்பா. உட்கார்ந்தார்கள்.

நிவேதா தலையை நிமிர்த்தினாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு மேடையின் ஓரத்தில் வெறுங்கையோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், தூணுக்குப் பின்னால் ஒரு புடவைத் தலைப்பு தெரிந்தது.

"கையை நீட்டும்மா கொழந்தே, நாழியாறது."

"ஒரு நிமிஷம் ஐயரே" என்று மாலையோடு எக்கி, அவர் முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒண்ணு சொல்லணும். இங்க உக்காந்திருக்கறது என்னோட பெரியம்மா. ரொம்ப நல்லவங்க. ஆனா இது எங்கம்மாவோட எடம். எங்கம்மா அதோ, டைனிங் ஹால் வாசல்ல ஒளிஞ்சிட்டு நிக்கறாங்க. அவங்களுக்குப் பதிலா பெரியம்மாவ மாத்து வெச்சிருக்காங்க. மாத்து வெச்சா சொல்லிடணும்னு சின்னதுலேந்து அவங்கதான் எனக்குக் கத்துக்குடுத்தாங்க. அதான் சொல்றேன்."

முதலில் அசைந்தது பெரியம்மாதான். மணையை விட்டு எழுந்து, பட்டுப்புடவையை உதறிக்கொண்டார்.

"நான் நேத்தே சொன்னேன். எடம் காலியா இருந்தாத்தான நான் உக்கார முடியும்? காலியாவே இல்லாத எடத்துல என்னக் கொண்டாந்து உக்கார வெச்சா? எந்திரிங்க நீங்களும்!" பெரியப்பா துள்ளி எழுந்தார்.

எல்லாத் தலைகளும் தூணின் பக்கம் திரும்பின. அவள் வெளியே வந்தாள். இரண்டு கைகளையும் வேண்டாம் என்பதுபோல் ஆட்டினாள். பிறகு, நான் பயந்தபடியே, அத்தனை பேருக்கும் கேட்கும் குரலில் ஆரம்பித்தாள்.

"இல்லீங்க, எல்லாரும் தெரிஞ்சுக்கங்க, நான் இவளப் பெத்த…"

"பஸ் கர! போதும், நிறுத்து!" ஜோஷி காகுவின் குரல் மைக் இல்லாமலே மண்டபத்தை அதிரவைத்தது. "சகள்யாந்நா மாஹீத் ஆஹே! எல்லாருக்கும் தெரியும்! இந்த பூனாவுக்கே தெரியும்! சல், போய் உக்காரு!"

சிரிப்பு வெடித்தது. சம்பந்தி அம்மாள் கைதட்டத் தொடங்கினார். காகு ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து, நடத்தி அல்ல, ஏறக்குறைய தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனோம். அவள் கணவர் அதற்குள் மணையில் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டிருந்தார். என் வாழ்நாளில் ஒரு மனிதர் அவ்வளவு வேகமாகச் சம்மணம் போட்டு நான் பார்த்ததில்லை.

அவர் மகளின் கையைத் தன் கையில் ஏந்தினார். கீழே மாப்பிள்ளையின் கை. ஐயர் செம்பை அவளிடம் கொடுத்து மந்திரத்தைத் தொடங்கினார். நாதஸ்வரம் எழுந்தது. அவள் ஊற்றினாள். தண்ணீர் கைகளில் விழுந்து, தாம்பாளத்தை நிறைத்து, மாப்பிள்ளையின் வேட்டிக்குப் பாய்ந்தது.

"போதும்மா, கொஞ்சமா விட்டாப் போதும்" என்றார் ஐயர்.

அவள் நிறுத்தவில்லை.

"அம்மா, போதும்மா" என்றாள் நிவேதா சிரித்துக்கொண்டே, கண்ணில் மை கரைய.

அவள் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. செம்பில் ஒரு சொட்டு இல்லாத வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.